மூன்றாம் பத்தியில் ஆள்மாறாட்டம்

அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் எதுவும் வேகாது என்று அம்மா சொல்வது அடுப்பில் இருப்பதற்குத்தான். இளையவளின் மின்னஞ்சல் பெட்டிக்கும் அது பொருந்தும் என்று அக்கா கண்டுபிடித்திருந்தாள். காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை, பேருந்தில் ஒற்றைக் காலுக்கு இடம் கிடைத்ததும் ஒரு தடவை. அவள் திறந்து மூடிய வேகத்தில் அந்தப் பெட்டிக்கு ஜலதோஷமே பிடித்திருக்கும்.

"வந்துச்சா?" என்பாள் அக்கா.

"வரல."

"வந்தா அதுவே சத்தம் போடும்டி. நிமிஷத்துக்கு ஒரு தடவை நீ போய் மூச்சு இருக்கான்னு பாக்க வேண்டாம்."

வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முனைவர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது; பணம் கிடைக்கவில்லை. அங்கே ஆய்வகம் நடத்தும் பேராசிரியை வாய் நிறைய அழைத்திருந்தார். 'உங்களை எடுத்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி. சம்பளம் தரத்தான் என்னிடம் வழியில்லை. மாத முடிவுக்குள் ஏதாவதொரு உதவித்தொகையோடு வந்தால் இடம் உங்களுடையது. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.'

இந்த 'ஏதாவதொரு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இளையவள் ஓராண்டாக அலைந்துகொண்டிருந்தாள். பதினோரு விண்ணப்பம் போட்டாயிற்று. ஒன்றுக்கு வயது கூடுதல், ஒன்றுக்கு மதிப்பெண் குறைச்சல். ஒன்று கடலைப் பற்றிப் படிப்பவர்களுக்கு மட்டும் என்பதைப் பதினாறாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் சொன்னது. இன்னொன்று, ஏற்கெனவே வேறு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மட்டுமே தருவதாம். சாப்பிட்டுவிட்டு வந்தவனைத் தேடிப் பிடித்து ஊட்டிவிடும் தர்மம். எல்லா விண்ணப்பத்திலும் தவறாமல் ஒரு கேள்வி: 'உங்கள் ஆய்வு உலகை எப்படி மாற்றும்? முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.' அவள் செய்ததெல்லாம் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு ஏற்றி, வெயிலின் சூடு அறைக்குள் வராமல் தடுக்கப் பார்த்ததுதான். இருந்தாலும் கேட்டுவிட்டார்களே என்று பதினோரு தடவை உலகை மாற்றினாள். உலகம் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பன்னிரண்டாவதுதான் இன்னும் உயிரோடு இருந்தது. அறிவியல், பொறியியல் படிப்பவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை கொடுப்பது. முதல் சுற்று தாண்டியாயிற்று. துறைத்தலைவரின் சிபாரிசுக் கடிதமும் போய்ச் சேர்ந்தாயிற்று.

இதற்கிடையில் தேடாமலே ஒரு வேலை வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அப்பாவின் நண்பர் பார்த்துக் கொடுத்தது. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. மூடி கசிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சேர்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியது. அதற்கும் மாத முடிவுதான் கெடு. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பா அதைத் தடவிப் பார்த்து, "நல்ல தாள். கனமா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முன்னுரை. அவர் ஒரு நூலும் எழுதியதில்லை. ஆனால் அவர் முன்னுரை எழுதாத நூல் அந்தத் துறையில் இல்லை. பேச்சும் அப்படித்தான். வகுப்பு முடியும் மணி அடிக்கும்போது, "ஆக, இப்ப பொருளுக்கு வருவோம்" என்பார். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய படம்: புது வெற்றிடக் கலத்தின் திறப்பு விழா. காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றிவிட்டு உள்ளே பூச்சு வேலை செய்யும் எஃகுக் கலம் அது. துணி துவைக்கும் எந்திரத்தைப் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். வந்த விருந்தினருக்கு விளக்குவதற்காக முன்னுரை அதற்குள் தலையை விட்டிருப்பார். அந்தக் கலத்தோடு அவருக்கு இருந்த நேரடித் தொடர்பு அன்றோடு சரி.

சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போன யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வேலையோடு அனுப்புவார்.

"நீயே எழுதிட்டு வாம்மா. உன்னைப் பத்தி உன்னை விட யாருக்கு நல்லாத் தெரியும்?"

தத்துவம் போல இருக்கும். சோம்பலுக்கு அவ்வளவு நல்ல உடுப்பு வேறு கிடையாது.

இளையவள் உட்கார்ந்து எழுதினாள். 'இம்மாணவியை நான் இரண்டு ஆண்டுகளாக நன்கு அறிவேன்.' முதல் ஆண்டு முழுக்க அவளை நூலகத்தில் வேலை செய்பவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். இரண்டாம் பத்தியில் 'அறிவுக் கூர்மை', 'அயராத உழைப்பு', 'பணிவு' எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினாள். கண்ணாடி முன்னால் நின்று தன் சட்டையில் தானே பதக்கம் குத்திக்கொள்வது போலக் கூசியது. 'பணிவு' என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மூன்றாம் பத்தியில் கசிவு வந்தது. அங்கே கூச்சம் போய்விட்டது. கலத்தில் அழுத்தம் இறங்கவே மறுத்த நாட்கள் அவை. எங்கிருந்தோ காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. மூன்று நாள், ஒவ்வொரு இணைப்பிலும் ஊசிக் குழாயால் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுவிட்டு, அழுத்த அளவைக் காட்டும் முள் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்; துள்ளினால் ஓட்டை அங்கேதான். ஆய்வகத்தில் அவளுக்கு 'லீக்கு' என்ற பெயர் விழுந்தது அப்போதுதான். நான்காம் நாள் முள் துள்ளியது. அதை எழுதும்போது கையும் துள்ளியது.

முன்னுரை நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார், பச்சை மையில். கடைசியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், 'இவை யாவும் என் நேரடி வழிகாட்டலில்' என்று ஒரு வரி சேர்த்தார். எழுத்தர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அனுப்பி ஐந்து நாள் கழித்து, பேருந்தில் மின்னஞ்சல் பெட்டி சும்மா இருந்ததால், இளையவள் கடிதத்தின் நகலைத் திறந்து படித்தாள். மூன்றாம் பத்தி. 'முள் துள்ளியது. நான்காம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கலத்தை நானே கழற்றினேன். கை சுட்டுக்கொண்டது, ஆனாலும் விடவில்லை.'

கண்டுபிடித்தேன். கழற்றினேன்.

கீழே துறைத்தலைவரின் பச்சைக் கையெழுத்து.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான் போலிருக்கிறது. 'கண்டுபிடித்தாள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆள்' காணாமல் போய் 'ஏன்' வந்து உட்கார்ந்திருந்தது. ஏன், ஏன் என்று பத்தி முழுக்க அதுவே கேட்டது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அடுத்ததும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் காட்டினாள்.

"இதைப் போய் யாருடி படிக்கப் போறா? கையெழுத்துப் போட்டவரே படிக்கல."

"படிச்சுட்டா?"

"படிச்சா, உங்க சார் எவ்வளவு பெரிய ஆளுன்னு அசந்து போவாங்க. உதவித்தொகையைத் தூக்கி அவருக்கே குடுத்துருவாங்க. நீ போய் மூடியைத் திருகு."

சிரிப்பு வரவில்லை. அடுத்த நான்கு நாளும் இளையவள் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்காரவில்லை, விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் முன்னுரையிடமிருந்து ஆள் வந்தது.

"வா வா! என் கடிதத்தைப் பாத்து அசந்துட்டாங்களாம். தேர்வுக் குழுத் தலைவியே என்கிட்ட பேசணுமாம். ரெண்டு மணிக்கு, கம்ப்யூட்டர்ல." அவர் தலையைப் படிய வாரி, சாயம் போட்ட வகிடு நேராக இருக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மூணாவது பத்தியில—"

"மூணாவது பத்தியைப் பத்தித்தான் பேசணும்னாங்க!"

"நீங்க அதைப் படிச்சீங்களா சார்?"

"எழுதினவனே படிக்கணுமாம்மா?"

"புள்ளிவிவரம் ஏதாவது கேட்டா எழுதிக் காட்டு" என்று சொல்லி, திரையில் விழாதபடி கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பலகையோடு அவளை நிறுத்தினார். நேரம் போதவில்லை. திரையில் குழுத் தலைவி வந்துவிட்டார்: காதில் பேனா, கையில் கடிதம், முகத்தில் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்த களைப்பு.

முன்னுரை அறிவியலின் தோற்றத்திலிருந்து தொடங்கினார். ஏழு நிமிடம். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் தலைவி நுழைந்தார்.

"முன்னுரைக்கு நன்றி சார்."

அலமாரிப் பக்கத்தில் இளையவளுக்குப் புரை ஏறியது.

"மூணாவது பத்திக்கு வருவோம். நாலாவது நாள் காரணத்தைக் கண்டுபிடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. கலத்தை நானே கழற்றினேன், கை சுட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு துறைத்தலைவர் இப்படி இறங்கி வேலை செய்யறது அபூர்வம். காரணம் என்னன்னு மட்டும் எழுதல. என்ன அது?"

"காரணம்..." என்றார் முன்னுரை. "காரணம்னு பாத்தா, காரணங்கள் பல."

கடைக்கண்ணால் பலகையைப் பார்த்தார். இளையவள் சட்டென்று பெரிதாக எழுதினாள்: முடி.

முன்னுரை தலையை ஆட்டினார். "ஆக, நேரத்தின் அருமை கருதி, இத்துடன் என் உரையை முடிச்சுக்கறேன்."

"சார், நான் கேள்வி கேட்டேன்."

இளையவள் பதறி, அதற்கு முன்னால் இரண்டு எழுத்துச் சேர்த்தாள்: தலைமுடி. முன்னுரை திடுக்கிட்டு இரண்டு கையாலும் தலையைத் தடவி, காதோரம் படிய வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

தலைவி கண்ணைச் சுருக்கித் திரையை நெருங்கினார். "பக்கத்துல யாரோ இருக்காங்க போலிருக்கே."

"யாருமில்ல மேடம். ஒரு மாணவி, பைல் எடுக்க வந்திருக்கு."

பைல் எடுக்க வந்தது அங்கேயே நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் முன்னுரை எதையாவது உளறி, கடிதத்தோடு அவளையும் சேர்த்து மூழ்கடிப்பார். வாயைத் திறந்தால் தானே மூழ்கலாம். இரண்டாவதில் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றியது. இத்தனை நாள் காத்திருந்தவளுக்கு அதுவே பெரிய சலுகையாக இருந்தது. திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முடி மேடம். கலத்தோட மூடிக்கு அடியில ரப்பர் வளையம் இருக்கும். அதுக்குக் குறுக்க ஒரே ஒரு தலைமுடி கிடந்துச்சு. அதோட ஓரமா காத்து உள்ள போயிட்டே இருந்தது."

"யாரோட முடி?"

முன்னுரையின் தலைக்குப் பின்னால், திறப்பு விழாப் படத்தில், அதே தலை கலத்துக்குள் நுழைந்திருந்தது. அன்று கிடைத்த முடி முக்கால் பங்கு கறுப்பு, வேர்ப்பக்கம் வெளுப்பு.

"அது ஆய்வு செய்யப்படல மேடம்."

தலைவியின் உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "அப்போ இந்தக் கண்டுபிடிச்சேன்ல வர்ற 'நான்' யாரு?"

"நான்தான் மேடம்."

"கடிதத்தை எழுதினது?"

முன்னுரை மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"அதுவும் நான்தான்."

"இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்." தலைவி பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "எனக்கு வர்ற கடிதத்துல முக்கால்வாசி இப்படித்தான், தெரியாம இல்ல. எல்லாத்துலயும் அறிவுக் கூர்மை, அயராத உழைப்பு. படிச்சுப் படிச்சு எனக்கே கூர்மை மழுங்கிப் போச்சு. உன்னோடதுல மட்டும்தான் யாரோ நிஜமா வேலை பாத்த வாசனை வந்துச்சு. ஆனா விதி விதிதான். இந்தக் கடிதம் செல்லாது. நீ வேலை செஞ்சதைக் கண்ணால பாத்த ஒருத்தர் இருந்தா, அவரே எழுதி அவரே அனுப்பட்டும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிடும்."

"பேராசிரியரா இருக்கணுமா மேடம்?"

"கண்ணு இருந்தா போதும்."

திரை கறுத்தது. முன்னுரை மூச்சு விட்டுவிட்டு, "மொத்தத்துல நல்லாத்தான் போச்சு, இல்ல?" என்றார். கேட்க அங்கே ஆள் இல்லை. இளையவள் மாடிப்படிகளில் மூன்றாவது வளைவில் இருந்தாள்.

கண்ணால் பார்த்த ஒருவர் இருந்தார். கருவிகளைப் பழுது பார்ப்பவர். அடித்தளத்தில் இருப்பார், எல்லோரும் அவரை ஸ்பானர் என்பார்கள். அந்த நான்கு நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கும்போது, "அங்க இல்ல", "அங்கயும் இல்ல" என்று உற்சாகமூட்டியவர். எங்கே என்று அவருக்கும் தெரியாது. இப்போது அவர் காற்றழுத்த எந்திரத்தின் அடியில் இருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேணும்."

"மாடியில அதுக்குன்னு ஒருத்தர் இருக்காரே."

அவள் நடந்ததைச் சொன்னாள். முடி என்றதும் முடித்தார் என்று சொன்ன இடத்தில் கால்கள் இரண்டும் குலுங்கின.

"எழுதறேன். ஆனா நானே எழுதுவேன். ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்த, எழுந்து போயிடுவேன். இந்த வால்வு முடியட்டும். டார்ச்சைப் பிடி."

பிடித்தாள்.

"ஆட்டாத. மின்மினிப் பூச்சியைக் கையில வெச்சுக்கிட்டு வேலை பாக்கற மாதிரி இருக்கு."

"மணி மூணே கால் அண்ணே."

"மணிக்குத் தெரியுது. வால்வுக்குத் தெரியலையே."

நான்கு மணிக்கு வால்வுக்குத் தெரிந்தது. நாலு ஐந்துக்கு அவர் கை கழுவினார். நாலு பத்துக்கும் கழுவிக்கொண்டிருந்தார்; எண்ணெய்க் கையோடு அடுத்தவர் வாழ்க்கையைத் தொடக் கூடாதாம். பிறகு தன் பழுதுப் பதிவேட்டை எடுத்து, யோசித்து யோசித்து அதில் பென்சிலால் எழுதினார். அதைப் பார்த்து ஒற்றை விரலால் கணினியில் தட்டினார். அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டார். சுவரில் தீயணைக்கும் முறை ஒட்டியிருந்தது. அதை அவள் பதினான்கு தடவை படித்தாள்.

"பதவின்னு கேக்குது."

"தொழில்நுட்ப உதவியாளர்னு போடுங்கண்ணே."

"எடுத்துக் குடுக்காதேன்னேன்ல? வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எத்தனைன்னு கேக்குது. உங்க சாரோட கட்டுரையை மடிச்சு அவர் மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்தேனே, அது கணக்குல வருமா?"

"அண்ணே, நாலு நாப்பத்தெட்டு!"

ஒற்றை விரல் தட்டியது. நின்றது. தட்டியது. நாலு ஐம்பத்து மூன்றுக்கு, "போயிடுச்சு" என்றார்.

"என்ன எழுதுனீங்க?"

"உனக்கு எதுக்கு? உன்னைப் பத்தித்தானே."

அதற்குப் பிறகு பெட்டி திறக்கும் படலம் முன்னை விட மோசமாயிற்று. மாதம் தேயத் தேய அவள் தூக்கம் தேய்ந்தது, அக்காவின் பொறுமை தேய்ந்தது, தடவித் தடவிக் குளிர்சாதனப் பெட்டித் தாளின் ஓரமும் தேய்ந்தது. மாத முடிவுக்கு முந்திய நாள் காலை அப்பா பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இளையவள் கையெழுத்துப் போட்டாள். தேதி மட்டும் போடவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

செய்தி வந்தபோது அவள் கலத்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள். இரண்டு கையிலும் உறை. மேசைமேல் கைப்பேசி ஒரே ஒரு தடவை கூவியது. அக்கா சொன்னது சரிதான், அதுவே சத்தம் போட்டது.

"அண்ணே, எடுத்துப் படிங்க! யாரு?"

ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படித்தார். "அறக்கட்டளை. 'பெருமதிப்பிற்குரிய விண்ணப்பதாரருக்கு. அறிவியல் வளர்ச்சியில் எம் அறக்கட்டளை ஆற்றிவரும்...'"

"வருந்தறாங்களா, மகிழறாங்களா?"

"இரு. முன்னுரை ஓடிட்டிருக்கு." விரல் கீழே கீழே நகர்ந்தது. அவள் கை கலத்துக்குள்ளேயே உறைந்து நின்றது. "மகிழறாங்க."

"நிஜமாவா?"

"முழுத் தொகையும். நாலு வருஷத்துக்கு. கையை வெளிய எடு, முடி கிடி விழுந்துடப் போவுது."

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன்னுரை தன் கடிதம் பலித்த கதையை மூன்று கூட்டங்களில் சொன்னார். மூன்றாவதில் கை சுட்டது அவருக்கே வலித்தது. அடுத்த நாள் துறையின் அறிவிப்புப் பலகையில் பச்சை மையில் ஒரு புது விதி: 'மாணவர்கள் எழுதிவரும் சிபாரிசுக் கடிதங்களில் "நான்" என்ற சொல் இனி இடம்பெறக் கூடாது.'

இளையவள் அதைப் படித்துவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். ஸ்பானர் எங்கேயோ எதற்கோ அடியில் இருந்தார். பழுதுப் பதிவேடு மேசைமேல் கிடந்தது. சும்மா இருக்க மாட்டாத கை, புரட்டியது. அந்தத் தேதியில், காற்றழுத்த எந்திரத்துக்கும் உடைந்த ஒரு நாற்காலிக்கும் நடுவில், பென்சிலில் இருந்தது.

பொருள்: மேற்படி மாணவி.

பழுது: பொறுமை கிடையாது. டார்ச்சை ஆட்டுகிறாள்.

எடுத்த நடவடிக்கை: தேவைப்படவில்லை.

குறிப்பு: இரண்டு வால்வு உடைத்தாள். ஏன் உடைந்தது என்று இரண்டு தடவையும் தானே வந்து சொன்னாள். மூன்றாவதை உடைக்கவில்லை. கசிவை நான்கு நாள் தேடினாள். நான் மூன்றாம் நாளே விட்டுவிடச் சொன்னேன். அவள் விடவில்லை. முடியைக் கண்டுபிடித்தாள். யாருடையது என்று இருவருக்கும் தெரியும், அவள் யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பலாம்.

பையிலிருந்த மூடித் தொழிற்சாலைத் தாளை எடுத்து, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். கனமான தாள்தான், ஆட்டம் நின்றது. பிறகு குறிப்பை இன்னொரு தடவை, வினைமுற்றுகளை மட்டும் விரல் வைத்துப் படித்தாள். உடைத்தாள், சொன்னாள், தேடினாள், கண்டுபிடித்தாள். எங்கேயும் ஆள் மாறவில்லை.